காவிளாய் விதைக்குப் போன மூன்று நாள்

வடமராட்சி கிழக்குக்குப் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், கருவாடு வாங்கப் போவார்கள். நான் போனது ஒரு களையின் விதைக்கு. எழுபத்து நாலாம் ஆண்டு, பங்குனி மாதம் இரண்டாம் கிழமை. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பக்கத்து வெளிகளில் காவிளாய் பூத்துக் கிடப்பதைப் பார்க்க எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இது. வழியும் நேரமும் சொல்வேன். நடந்ததையும் சொல்வேன். அதை விட்டுவிட்டு வழியை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

காவிளாய் தெரியாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் இதைக் கொழுஞ்சி என்பார்கள். முழங்கால் உயரச் செடி. ஒருவரும் தண்ணீர் விடாத புல்லுத் தரையிலும் மணலிலும் தானாக முளைக்கும். இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்பு முனை மாதிரிக் கிழியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் கிழித்துப் பார்க்காத ஆள் இருக்கமாட்டார். பூ ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம். அவரைப் பூவின் சாயல்தான், ஆனால் சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு செடியைப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. ஒரு வெளி முழுக்கப் பூத்தால்தான் நின்று பார்ப்பீர்கள்.

நான் நின்று பார்க்கிற ஆள் அல்ல. எனக்கு அது சரக்கு. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் வெங்காயமோ மிளகாயோ வைப்பதற்கு முன்னம் மண்ணுக்குள் பச்சைக் குழையை, இலையும் தண்டுமாக, உரத்துக்குத் தாழ்ப்பார்கள். குழைகளுக்குள் காவிளாய்க்கு நல்ல பேர். வெளிநாட்டு வெங்காயம் வராமல் நிறுத்தியிருந்த காலம் அது, கோப்பாய்த் தோட்டக்காரர் நிமிர்ந்து நடந்த காலம். மூடையில் வருகிற இரசாயனப் பசளைக்குத் தட்டுப்பாடு. ஆகவே என் காவிளாய்க்கு அடிபிடி. பத்தாம் வகுப்புக்கூட முடிக்காதவன், சைக்கிள் கரியரில் இரண்டு கட்டு வைத்துத் தொடங்கினவன், ஆறு வருசத்தில் மூன்று வண்டிலும் ஒரு பழைய லொறியும் வைத்திருந்தேன்.

அந்தத் தொழிலுக்கு ஒரு கட்டளை உண்டு. பூவோடு பிடுங்க வேண்டும். காய் பிடித்தால் தண்டு விறகாகிவிடும், மண்ணுக்குள் உக்காது. காய் கண்ட கட்டு ஒன்றைத் தோட்டக்காரன் வண்டிலை விட்டு இறக்கவே விடமாட்டான். பண்டத்தரிப்புக்கு மேற்கே கடல்வரை கிடந்த தரவையில், அதாவது ஆடுமாடு மேய்கிற பொதுப் புல்வெளியில், ஆறு மாசி மாதம் தொடர்ந்து பூவோடு பிடுங்குவித்தேன். ஒரு செடி தப்பியிருந்தால் பிடுங்குகிற ஆட்களை ஏசுவேன். ஏழாம் மாசி போய்ப் பார்த்தால் அறுகம்புல்லும் நாயுருவியும்தான் கிடந்தன. மழை பொய்த்துப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி சைக்கிள் மிதித்து வரும்போதுதான் மண்டையில் ஏறியது. ஆறு வருசமாக ஒரு செடியையும் நான் காய்க்க விடவில்லை. விதை எங்கேயிருந்து விழும்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலம் காவிளாய் வியாபாரம் செய்தும் காவிளாய் விதையை நான் கண்ணால் கண்டதில்லை.

அடுத்த மாரி தொடங்குவதற்கு முன் அந்தத் தரவையில் விதைக்காவிட்டால் என் தொழில் முடிந்தது. என்னை நம்பித் தோட்டம் கொத்துகிறவர்களுக்கும் குழை இல்லை. ஒரு கொத்து விதையாவது வேண்டும் என்று தீர்மானித்தேன். கொத்து என்றால் நாலு சுண்டு. சுண்டு என்றால் எங்கள் கடைகளில் அரிசி அளக்கிற சின்னத் தகரப் பேணி. விதைக்குப் போகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. களைக்கு விதை தேடுகிறான் என்று கோப்பாய்ச் சந்தையில் தெரிந்தால் ஒரு மாதத்துக்கு அதுதான் பகிடி. பளையில் கருவாடு வாங்கி விற்கிற ஒருவர் முந்தி ஒருநாள், செம்பியன்பற்றுக்கும் தாளையடிக்கும் இடையில் உள்ள வெளியில் காவிளாயைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அதுதான் எனக்கு இருந்த ஒரே துப்பு.

கொக்குவிலில் ஒரு வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்தேன். தாய் தகப்பன் இல்லை, கலியாணம் கட்டவில்லை. மூன்று நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள் இல்லாதபடியால், கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு வெளிக்கிட்டேன்.

காலை ஆறு இருபதுக்குக் கொக்குவில் ஸ்ரேசனில் ரயில். பளைக்கு மூன்றாம் வகுப்பு ரிக்கற் ஒரு ரூபாய் பத்துச் சதம், ஏறக்குறைய இருபத்து மூன்று மைல். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் ஏறியது, சாவகச்சேரியில் பாதி இறங்கியது, கொடிகாமத்தில் மீதி இறங்கியது. பளையில் ஏழு ஐம்பத்தைந்துக்கு இறங்கும்போது அந்தப் பெட்டியில் நான் ஒருவன்தான். ஸ்ரேசன் வாசலில் ஒரு தேத்தண்ணிக் கடை. வெறுந்தேத்தண்ணியும் ஒரு வாய்ப்பனும் முப்பது சதம். கடைக்கு முன்னால் மாட்டு வண்டிலில் சாய்ந்து நின்ற ஒருவரிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். கந்தையா என்று பேர்.

“தாளையடிப் பக்கம் பஸ் எத்தினை மணிக்கு அண்ணை?”

“ஒன்பதரைக்கு எண்டு எழுதிக் கிடக்கு.”

“வருமோ?”

“எழுதிக் கிடக்கு எண்டுதானே சொன்னனான்.”

பத்து மணிவரை நின்று பார்த்தேன். பஸ் வரவில்லை. கந்தையா அண்ணையும் வண்டிலை எடுக்காமல் நின்றார். என்னை அவருக்கு விளங்கிவிட்டது. கருவாடு ஏற்ற எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர், என்னிடம் ஆறு ரூபாய் கேட்டார். நாலுக்கு இறக்கினேன். பளையிலிருந்து ஏழரை மைல், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

சோரன்பற்று வரைக்கும், அதாவது முதல் மூன்று மைல், தென்னந்தோட்டமும் வேலியும் வீடும் உண்டு. அதற்குப் பிறகு பனை குறைந்து ஐதாகி, றோட்டு மணலாகி, மாடு முக்கத் தொடங்கும். வழியில் ஒரு சைக்கிளும் எதிர்ப்படவில்லை. இரண்டு பக்கமும் காய்ந்த புல்லு, நடுநடுவே சாம்பல் பச்சையில் காவிளாய். பூ முடிந்து போயிருந்தது. கடைசிப் பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. தட்டையான சின்னக் காய்கள் வாள் மாதிரி வளைந்து நின்றன.

“என்ன அலுவல் உங்கை?” என்றார் கந்தையா அண்ணை.

“மருந்துக்கு ஒரு விதை எடுக்க வேணும்.”

“என்ன விதை?”

“காவிளாய்.”

அவர் மாட்டைத் தட்டினார். “நாலு ரூபாய் குடுத்து வந்து காவிளாய்க்கோ? என்ரை மாடு அதைக் கண்டால் முகத்தைத் திருப்பும்.” பிறகு என் கையைப் பார்த்தார். செடி பிடுங்கினவன் கையில் சுட்டுவிரலின் உட்பக்கம் காய்த்துப் போயிருக்கும். “உது மருந்து அரைக்கிற கை இல்லை. குழை பிடுங்கிற கை. கோப்பாய்க்கு லொறியிலை காவிளாய் ஏத்திற ஒரு முதலாளி இருக்கிறானாம் எண்டு கேள்விப்பட்டனான்.”

நான் கையை மடக்கிக்கொண்டேன். பொய்யைப் பிடித்த ஆளிடம் இரண்டாம் பொய் சொல்லுவது நட்டம்.

ஒன்றேகாலுக்கு இருபது வீடு அளவில் உள்ள ஒரு கரைக்கு வந்து சேர்ந்தோம். கந்தையா அண்ணை கருவாடு எடுக்கிற வீட்டில் வண்டிலை நிறுத்தினார். வீட்டுக்காரி பாக்கியம். என்னிலும் ஏழெட்டு வயது கூட இருக்கும், ஆகவே அக்கா என்றேன். புருசன் செல்லத்துரை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தங்க ஒரு இடம் கேட்டேன். கடற்கரையில் வலை வைக்கிற ஓலை வாடியில் படுக்கலாம், சாப்பாட்டோடு நாளுக்கு இரண்டு ரூபாய் என்று முடிந்தது. கந்தையா அண்ணை கருவாட்டுக் கடகத்தைத் தூக்கும்போது பாக்கியமக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னதைக் கண்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தேவையில்லை.

இரண்டு மணிக்கு சாக்கையும் எடுத்துக்கொண்டு வெளிக்குப் போனேன். வீடுகளிலிருந்து மேற்கே அரை மைல். நல்ல வெயில். ஒரு ஒற்றைப் பனை, அதற்கு அப்பால் கண் எட்டுகிற தூரத்துக்குக் காவிளாய். ஒரு மனித சத்தம் இல்லை. ஆனால் வெளி சும்மா இருக்கவில்லை. டிக், டிக் என்று எல்லாப் பக்கத்திலும் ஒரு சத்தம். பூச்சி என்று நினைத்தேன். குனிந்து ஒரு காயைத் தொட்டேன். கையிலேயே அது முறுகி வெடித்து, உள்ளே இருந்த விதை எல்லாம் பறந்து மணலுக்குள் போனது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. வெடிக்காமல் கைக்கு வந்தவை எல்லாம் பச்சைக் காய், முற்றாதவை. ஐந்து மணிவரை முழங்காலில் நின்று மணலைக் கிளறிப் பொறுக்கினேன். கைதுடைக்கிற லேஞ்சியில் கட்டியது அரை உள்ளங்கை விதை, அதில் பாதி மண்.

இரவு பாக்கியமக்கா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு லேஞ்சியைக் காட்டச் சொன்னா.

“வெயிலுக்கை ஆரும் காவிளாய்க் காய் பிடுங்குவினமோ? நீர் காவிளாய் விக்கிற ஆள் எண்டல்லோ கந்தையா அண்ணை சொன்னவர்.”

“நான் பூவோடை விக்கிறனான் அக்கா. காய் எனக்குப் புதுசு.”

“அப்ப தலையைக் கண்டிருக்கிறீர், வாலைக் காணேல்லை.” சிரித்துவிட்டுச் சொன்னா, “வெள்ளாப்பிலை போம். பனியிலை நனைஞ்ச காய் வெடியாது. நுனியோடை முறிச்சுக் கொண்டு வந்து துணியாலை மூடி வெயிலிலை போடும். வெடிக்கிறதெல்லாம் துணிக்குக் கீழை வெடிக்கட்டும்.” அவர்கள் முற்றம் கூட்டுவது காய்ந்த காவிளாயைச் சேர்த்துக் கட்டிய கூட்டுமாற்றால்தான். தெரியாமல் மத்தியானத்தில் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தால் சோற்றுப் பானைக்குள் விதை துள்ளுமாம். அந்த அனுபவம்தான் எனக்கு உதவியது.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு வெளியில் நின்றேன். அவ சொன்னது சரி. காய்கள் ஈரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றன. எட்டு மணிவரை இரண்டு சாக்கு நுனி முறித்தேன். மூட என்னிடம் துணி இல்லை, ஆகவே மாற்றுக்குக் கொண்டுபோன நாலு முழ வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். சாரத்தோடு நின்ற என்னையும், வேட்டி மூடிய குவியலையும், செல்லத்துரை அண்ணை அந்த வழியால் போகும்போது பார்த்தார். அன்றுதான் முதல்தடவை வாய் திறந்தார்.

“காவிளாய்க்கு வேட்டி உடுத்தாச்சு. தாலி எப்ப?”

“நல்ல நாள் பாக்கிறன் அண்ணை.”

அவர் நிற்காமல் போய்விட்டார். அந்த நாளில் மாலைவரை நான் பேசியது அந்த ஒரு வசனம்தான். வெயில் ஏற ஏற வேட்டிக்குக் கீழே வெடிக்கத் தொடங்கியது. சோளப்பொரி வறுக்கிற மாதிரித் துணி அங்கங்கே துள்ளும். ஒற்றைப் பனையின் நிழல் ஒரு பாய் அகலம்தான், அது நகர நகர நானும் நகர்ந்தேன். வேலை இல்லாமல் ஒரு பகல் முழுக்க இருந்து எனக்குப் பழக்கம் இல்லை. கொக்குவிலில் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அங்கே விடிந்தால் ஆட்கள் வருவார்கள், விலை கேட்பார்கள், ஏசுவார்கள், ஏச்சு வாங்குவார்கள். இங்கே வந்து யோசித்தால், விலை கேளாமல் என்னோடு கடைசியாகக் கதைத்த ஆள் ஆர் என்று பிடிபடவில்லை. நேரம் நிறைய இருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு வேட்டியைத் தூக்கினேன். தும்பு தூசியைப் புடைத்து அளந்தால் ஒன்றேகால் சுண்டு. கபில நிறம், பயறிலும் சின்னது. அழுத்தினால் நகம் இறங்காது. சந்தோசம் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. எழும்பி நின்று அந்த வெளியைப் பார்த்தேன். இவ்வளவு காவிளாய் இங்கே சும்மா நிற்கும்போது நான் ஏன் விதை பொறுக்குகிறேன்? சோரன்பற்று வரைக்கும் லொறி வரும். அங்கேயிருந்து இங்கே ஆறு வண்டில் விட்டால் போதும். அடுத்த மாசி இருபது ஆட்களோடு வந்தால் ஐந்தாறு வருசத்துக்கு நான் விதையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. இப்படித்தான் யோசித்தேன். மறைக்க ஒன்றும் இல்லை.

குளிக்க வேண்டும் என்றதும் பாக்கியமக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கூட வந்தா. வீடுகளுக்கும் வெளிக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதில் பனங்குற்றி அடுக்கிக் கட்டிய ஆழமில்லாத கிணறு. அந்தக் கரையில் மற்ற எல்லாக் கிணறும் சவர்த் தண்ணி, இது ஒன்றுதான் குடிக்கலாம். கிணற்றைச் சுற்றிக் காவிளாய் இடுப்பளவு அடர்ந்து நின்றது. நான் கையை நீட்டியதும் அவ சொன்னா, “இதிலை ஒண்டும் முறிக்கக் கூடாது. கூட்டுமாத்துக்கும் எடுக்கிறேல்லை.”

“ஏன்?”

கொஞ்சத் தூரத்தில் மணலுக்கு மேலே வட்டமாகத் தெரிந்த பனங்குற்றி முனைகளைக் காட்டினா. நாலு விரல் உயரம்தான் வெளியில் தெரிந்தது. “உதுதான் பழைய கிணறு. ஒரு மாரிக்கு விறகில்லை எண்டு சுத்திவர நிண்டதை வேரோடை பிடுங்கி எரிச்சவை. அடுத்த சோளகத்துக்கு மணல் வந்து மூடிச்சு. இறைச்சு இறைச்சுப் பாத்தவை. ரெண்டு வருசம் மூண்டு மைல் நடந்து தண்ணி அள்ளினம், பேந்துதான் இது வெட்டினது.” சோளகம் என்றால் வைகாசி தொடக்கம் அடிக்கிற தென்மேல் காற்று. காவிளாயின் வேர் ஆழமாகப் போகும், ஆயிரம் கட்டுப் பிடுங்கின எனக்கு அது தெரியும். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நான் பார்த்ததில்லை. பள்ளத்துக்கு மேற்கே இருந்த வெளியை அவ கையால் காட்டினா. “அங்கை நிக்கிறதும் இதுக்குக் காவல்தான்.”

மூன்றாம் நாள் இன்னும் முந்திப் போய், இரட்டிப்பாக முறித்து, மத்தியானம் வரைக்கும் மூடி வைத்து, எல்லாமாக மூன்றரைச் சுண்டு சேர்த்தேன். ஒரு கொத்துக்கு அரைச் சுண்டு குறைவு. இரண்டு மணிக்கு கந்தையா அண்ணையின் வண்டில் வந்தது. ஆறு ரூபாயை பாக்கியமக்காவிடம் கொடுத்தேன். அவ எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு, செல்லத்துரை அண்ணைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டா.

“தம்பி, வாற மாசிக்கு ஆக்களோடை வந்து பிடுங்கப் போறீரோ?”

செல்லத்துரை அண்ணை வலையைக் கீழே வைத்தார். கந்தையா அண்ணை மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். மூன்று பேரும் பதிலுக்கு நின்றார்கள்.

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் பொருளைப் பார்த்தபின் விலை பேசாமல் வாக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இல்லை என்றால் கட்டுப்பட வேண்டும். ஓம் என்றால் அங்கேயே சண்டை வரும். ஆகவே நான், “அப்ப வரட்டே அக்கா,” என்று விடைமட்டும் சொல்லிவிட்டு வண்டிலில் ஏறினேன்.  பளையில் ஆறு நாற்பது ரயிலைப் பிடித்து எட்டேகாலுக்குக் கொக்குவிலில் இறங்கினேன்.  பளையில் கூலி நாலு ரூபாயை வாங்கும்போது கந்தையா அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்து இருபது விதையைச் சிரட்டையில் போட்டுப் பார்த்தேன். இரண்டுதான் முளைத்தது. அவ்வளவு கெட்டித் தோல். பிறகு இன்னொரு இருபதைப் பருமணலோடு சாக்கில் போட்டு உரசிவிட்டுப் போட்டேன், பன்னிரண்டு முளைத்தது. ஐப்பசியில் முதல் மழைக்கு இரண்டு நாள் முந்தி, பண்டத்தரிப்புத் தரவையில் விடியற்காலையில் தனியாகப் போய் விதைத்தேன். பகலில் விதைத்தால் பார்க்கிறவன் கேட்பான். மார்கழியில் முளை கண்டேன். ஐதுதான், திட்டுத் திட்டாக. அதைப் பிடுங்க இன்னும் இரண்டு வருசம் ஆகும்.

தையில் கோப்பாயிலிருந்து பொன்னுத்துரை என்ற தோட்டக்காரர் வந்தார். என்னிடம் ஆறு வருசம் குழை எடுத்தவர். “கிழக்கிலை ஒரு இடம் கண்டனீராம், ஸ்ரேசனிலை வண்டில்காரன் ஒருத்தன் சொன்னவன். லொறிச் செலவை நான் தாறன்.” ஒரு கணக்கும் பிழைக்காத வியாபாரம். அந்த மணலுக்கு மேலே தெரிந்த நாலு விரல் பனங்குற்றி கண்ணுக்குள் வந்து நின்றது. “போய்ப் பாத்தனான், அங்கை நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒண்டும் இல்லை,” என்றேன். நான் காட்டாவிட்டால் அந்த வெளிக்குள் வழி தெரிந்த வேறு குழை வியாபாரி இல்லை. அவர் அந்த வருசம் பூவரசங்குழைக்குப் போனார், அடுத்த வருசம் என்னிடம் வரவில்லை. பெரிய மனத்தால் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு எண்ணம் வந்தது. பிடுங்க வரவில்லை என்று பாக்கியமக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவோம். எழுபத்தைந்து மாசி நடுப்பகுதி. அதே ரயில். இந்தமுறை பஸ் வந்தது, பத்துப் பத்துக்கு. அறுபது சதம், ஒன்றேகால் மணித்தியாலம். இறங்கி வெளியைப் பார்த்து நடந்தேன். பூத்துக் கிடந்தது. ஆறு வருசம் பூவோடு பிடுங்கினவன், பிடுங்குகிற எண்ணம் இல்லாமல் அந்தப் பூவைப் பார்த்தது அன்றைக்குத்தான். தரைக்குச் சாயம் போட்ட மாதிரி, பனைக்கு அப்பாலும் ஊதா.

ஆனால் கிட்டப் போக முடியவில்லை. வெளியின் றோட்டுப் பக்கம் முழுக்க உடைமுள் வேலி. ஆள் உயரம், இரண்டு வரிசை, நடுவில் இலந்தை முள் திணித்து, பனைமட்டையால் இறுக்கி. கால் மைல் நீளம் இருக்கும். அந்தக் கரையில் முள்ளு இல்லை. இரண்டு மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வெட்டிச் சுமந்திருக்க வேண்டும்.

பாக்கியமக்கா வேலிக்குக் கிட்ட வந்து நின்றா. முதலில் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் றோட்டைப் பார்த்தா.

“லொறி எங்கை?”

“லொறி இல்லை அக்கா. நான் தனியத்தான் வந்தனான். பிடுங்க வரேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போவம் எண்டு.”

 அவ ஏசாமல், சாதாரணமாகச் சொன்னா. “அதைப் போன பங்குனியிலை கேக்கேக்கை சொல்லியிருக்கலாம். எங்கடை ஆக்கள் பதினொரு நாள் கடலுக்குப் போகாமல் முள்ளு வெட்டினவை. இவருக்குக் காலிலை குத்தி இப்பவும் ஊண்டேலாது.”

 “வேலியைப் பிரிக்க ஆக்கள் வேணுமெண்டால் நான்...” என்று தொடங்கினேன்.

“நிக்கட்டும். உம்மை மாதிரி இன்னொருத்தர் வருவார்.”

வேலியில் உள்ளே போக ஒரு படலை இருந்தது. வாரும் என்று அவ சொல்லவில்லை. சாப்பிட்டீரோ என்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளியிடம்கூட அதைக் கேட்பார்கள். திரும்பிப் போகிற பஸ் மூன்று நாற்பதுக்கு. அதுவரை றோட்டோரத்தில் நின்றேன்.

இப்போது போகிறவர்களுக்கு. பூப் பார்ப்பதென்றால் மாசி நடுப்பகுதி, காலை ஒன்பது மணிக்கு முந்தி. காய் வெடிக்கிறதைக் கேட்பதென்றால் பங்குனி இரண்டாம் கிழமை, மத்தியானம். நான் எழுதிய ரயில் நேரமும் கட்டணமும் ஐம்பது வருசத்துக்கு முந்தினவை. பளை ஸ்ரேசன் இன்றும் இருக்கிறது, நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பஸ்ஸை நம்பாமல் முச்சக்கர வண்டிக்காரரிடம் போக வரக் கூலி பேசி, அவரை நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். சப்பாத்துப் போடுங்கள், நெருஞ்சி உண்டு. அந்த வெளிகளில் போர் நடந்தது. ஊர் ஆட்களைக் கேட்காமல் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். முடிந்தால் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இடத்தைத் தனியாகப் பார்க்க முடியும், ஆனால் நான் சொல்லமாட்டேன். அந்தக் கரைக்குப் போகிற வழியை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். குழைக்குக் காவிளாய் வாங்க இன்றைக்கு ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடைசியாக நான் போய் ஆறு வருசம். இடையில் அந்தக் கரைக்குப் போரும் வந்தது, கடலும் வந்தது. வாடி இல்லை, அந்த வீடுகள் இல்லை, வேலியும் இல்லை. பள்ளத்தில் கிணறு இருக்கிறது, இப்போது சீமெந்துக் கட்டு. சுற்றிவரக் காவிளாய் பூத்து நின்றது. தண்ணீர் அள்ள வந்த ஒரு பெண்ணிடம் பாக்கியமக்கா குடும்பத்தை விசாரித்தேன். “நாங்கள் பேந்து வந்து குடியேறின ஆக்கள் ஐயா, தெரியாது,” என்றாள். நான் பூவைக் கிட்டப் பார்க்கக் குனிந்தேன்.

“ஐயா, அதிலை ஒண்டும் முறிக்கக் கூடாது.”

“ஏன் பிள்ளை?”

“ஏனெண்டு தெரியாது. இஞ்சை வரேக்கையே அப்பிடித்தான் சொன்னவை.”

எனக்குக் காரணம் தெரியும். மணல், சோளகம், மூடின கிணறு, எல்லாவற்றையும் நின்று சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். பிறகு, “நீங்கள் இந்த ஊர் ஆளோ?” என்றாள்.

இல்லை என்றேன்.